நிழல் தோட்டத்துக்குச் செம்பூ தந்த ஆரெண்ட்ஸ்

நிழல் விழும் இடத்தில் பூச்செடி எடுபடாது என்று பலரும் ஒதுக்கிவிடுவார்கள். அந்த இடத்துக்கு ஏற்ற ரகங்களை உருவாக்கியே பெயர் பெற்றவர் ஜெர்மனியைச் சேர்ந்த கெயோர்க் ஆரெண்ட்ஸ். அஸ்டில்பே என்ற பல்லாண்டுப் பூச்செடியின் கலப்பினக் கூட்டத்துக்கு இன்றும் தாவரவியலில் அவர் பெயரே வழங்கி வருகிறது.

ஆரெண்ட்ஸ் 1863-ல் எஸ்ஸன் நகரில் தோட்டக்காரர் குடும்பத்தில் பிறந்தார். கைசன்ஹைமில் இருந்த தோட்டக்கலைப் பள்ளியில் படித்தார். இங்கிலாந்துக்குச் சென்று நாற்றுப் பண்ணையில் வேலை பார்த்தார். திரும்பி வந்து 1888-ல் ரோன்ஸ்டார்ஃப் என்ற ஊரில் சொந்தமாக நாற்றுப் பண்ணை தொடங்கினார். இன்று வுப்பர்டால் மாநகரில் அடங்கிய அந்த ஊர் மலைப்பாங்கானது. மழை அதிகம், குளிர்ச்சியும் அதிகம். ஈரமும் நிழலும் விரும்பும் செடிகளுக்கு அது தோதான இடம்.

தூசி போன்ற விதை

அஸ்டில்பேயின் தாயகம் சீனா, ஜப்பான் உள்ளிட்ட கிழக்காசிய நாடுகள். பெரணி போல வெட்டுப்பட்ட இலைகளும், இறகு போல நிமிர்ந்த பூங்கொத்துகளும் கொண்ட செடி. அக்காலத்தில் தோட்டங்களில் இருந்தவை பெரும்பாலும் வெள்ளைப் பூவும் வெளிர் பூவும்தான். அந்த நேரத்தில் சீனாவிலிருந்து டேவிட் அஸ்டில்பே என்ற இனம் ஐரோப்பாவுக்கு வந்தது. உயரமாக வளர்ந்து ஊதா கலந்த சிவப்பில் பூக்கும் இனம் அது. ஆரெண்ட்ஸ் அதைப் பழைய இனங்களுடன் கலந்தார்.

இந்த வேலைக்குப் பொறுமை வேண்டும். அஸ்டில்பே விதை தூசி போன்றது. ஒரே காயில் வந்த நாற்றுகள்கூட ஒன்றுபோல் இருக்காது. நட்டு வளர்த்து, பூவைப் பார்த்த பிறகுதான் எது தேறும் என்று தெரியும். பெரும்பாலானவற்றைக் கழித்துவிட வேண்டும். தேறிய ஒரு செடியையும் விதை மூலம் பெருக்கினால் குணம் மாறிவிடும். தூரைப் பிரித்து நட்டுத்தான் பெருக்க வேண்டும். ஆகவே ஒரு ரகம் விற்பனைக்கு வருவதற்குள் பல ஆண்டுகள் ஓடிவிடும். இப்படி அரை நூற்றாண்டு உழைத்து எழுபதுக்கும் மேற்பட்ட அஸ்டில்பே ரகங்களை அவர் வெளியிட்டார்.

கருஞ்சிவப்பு இலை

அவற்றுள் புகழ்பெற்றது 1933-ல் வந்த ஃபனால். பெயருக்கு அடையாளத் தீ என்று பொருள். இரண்டடி உயரம் வளரும். பூ அடர் சிவப்பு. வசந்தத்தில் துளிர்க்கும்போது இலை வெண்கலம் கலந்த கருஞ்சிவப்பாக இருக்கும். பூக்காத நாளிலும் பாத்திக்கு அழகு தருவது இந்த இலைதான்.

இலையின் இந்த நிறத்துக்குக் காரணம் ஆந்தோசயனின் என்ற நிறமி. பூவைச் சிவப்பாக்குவதும் அதுவே. அதனால்தான் அடர் சிவப்பாகப் பூக்கும் அஸ்டில்பேக்களின் துளிர் கருத்தும், வெள்ளையாகப் பூப்பவற்றின் துளிர் பச்சையாகவும் இருக்கின்றன. பூ வரும் முன்பே இலையைப் பார்த்து நாற்றின் நிறத்தை ஓரளவு ஊகிக்கலாம்.

கரிய இலைச் செடிக்கு நிழலின் அளவு முக்கியம். இலைகளுக்கு இடையே ஒளி சிதறி விழும் இடமோ, காலை வெயில் மட்டும் படும் இடமோ ஏற்றது. அடர்ந்த நிழலில் இலை பச்சைக்குத் திரும்பும், பூவும் குறையும். உச்சி வெயிலில் மண் காய்ந்தால் இலை ஓரம் கருகும். மக்கிய இலைத்தழை நிறைந்த, ஈரம் காக்கும் மண் தேவை. மூடாக்கு இடுவது நல்லது. மூன்று நான்கு ஆண்டுக்கு ஒருமுறை தூரைத் தோண்டி, ஒவ்வொரு துண்டிலும் இரண்டு மூன்று மொட்டு இருக்கும்படி பிரித்து நட வேண்டும். குளிர்காலத்தில் ஓய்வெடுக்கும் செடி என்பதால் வெப்பமான சமவெளிக்கு இது ஒத்துவராது.

எண்பதை நெருங்கும்போது இடி

இரண்டாம் உலகப்போரில், 1943 மே மாத இறுதியில், ரோன்ஸ்டார்ஃப் மீது குண்டுகள் விழுந்தன. ஆரெண்ட்ஸின் பண்ணையும் அழிந்தது. அப்போது அவருக்கு வயது 79. ஐம்பத்தைந்து ஆண்டு உழைப்பு நிலைகுலைந்து கிடந்தது. ஆனால் ரகங்கள் அழியவில்லை. தூர் பிரித்து விற்ற செடிகள் அதற்குள் வேறு பல தோட்டங்களில் வேரூன்றியிருந்தன. ஒரே இடத்தில் பூட்டி வைத்திருந்தால் அவை பண்ணையோடு போயிருக்கும்.

முதியவர் ஒதுங்கிவிடவில்லை. பண்ணை மீண்டும் எழுந்தது. பெர்கேனியா என்ற மற்றொரு பல்லாண்டுச் செடியில் அவர் உருவாக்கிய புதிய ரகங்கள் 1950-ல் வெளிவந்தன. அவற்றில் ஒன்றான ஆபென்ட்குளூட் ரகத்தின் அகன்ற இலைகள் குளிர்காலத்தில் கருஞ்சிவப்பாக மாறும். வசந்தத்தில் அடர் சிவப்புப் பூ வரும். அரை நிழலிலும் நன்றாக வளரும். தன் வாழ்க்கையைப் பற்றி ஒரு நூலும் எழுதினார்.

1952-ல் ஆரெண்ட்ஸ் மறைந்தார். அவர் பண்ணையில் உருவான ஹெர்ப்ஸ்ட்ஃபிராய்டே என்ற செடம் ரகம் 1955-ல் சந்தைக்கு வந்தது. குளிர் நாடுகளின் தோட்டங்களில் இலையுதிர்கால வெயிலில் பூத்துக் குலுங்கும் செடி அது. அதன் பூவை உலகம் கொண்டாடியபோது, அதை உருவாக்கியவர் இல்லை.