கொடுமுடி தந்த கோகிலம்

எங்கள் ஊர் மாரியம்மன் கோயிலில் ஆடி மாதம் ஒலிபெருக்கி கட்டியதும் முதலில் ஒலிப்பது கே. பி. சுந்தராம்பாள் அம்மையாரின் குரல்தான். எழுதப் படிக்கத் தெரியாத என் பாட்டி, கைவேலையை நிறுத்திவிட்டுக் கேட்பார். அவருக்கு ஔவையார் என்றால் அந்த அம்மையார்தான். அந்தக் குரலுக்குப் பின்னே இருந்த பசியை, கல்லூரியில் சேர்ந்து அவருடைய வரலாற்றைப் படித்த பிறகே அறிந்தேன்.

காவிரிக் கரையிலுள்ள கொடுமுடியில் 1908ஆம் ஆண்டு பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்தார். வறுமை வாட்டவே, சிறுமி ரயிலில் பாடிப் பொருளீட்டினார். அக்குரலின் அருமை அறிந்தோர் அவரை நாடக மேடைக்கு அழைத்து வந்தனர். நல்லதங்காள் நாடகத்தில் பசியால் வாடும் சிறுவனாக நடித்தார். பசியை அறிந்த அந்தக் குழந்தைக்கு அதை நடித்துக் காட்டப் பயிற்சி வேண்டியிருக்குமா?

பின்னர் இலங்கை மேடைகளிலும் புகழ் பெற்றார். இசைமேதை எஸ். ஜி. கிட்டப்பாவுடன் இணைந்து நடித்து, அவருடைய வாழ்க்கைத் துணைவியானார். அந்த வாழ்வு நீடிக்கவில்லை. 1933இல் கிட்டப்பா மறைந்தபோது அம்மையாருக்கு வயது 25. அன்று முதல் வெள்ளாடை உடுத்தினார். எந்த ஆடவருக்கும் ஜோடியாக நடிப்பதில்லை என்று உறுதி பூண்டார். ஆயினும் கலையைக் கைவிடவில்லை. 1935இல் வெளிவந்த 'பக்த நந்தனார்' படத்தில் நந்தனாராகவே நடித்தார். அதற்கு அவர் பெற்ற ஊதியம் ஒரு லட்சம் ரூபாய்! 1953இல் 'ஔவையார்' வந்தது. சட்ட மேலவை உறுப்பினர் பதவியும், 1970இல் பத்மஸ்ரீ விருதும் அவரைத் தேடி வந்தன. 1980இல் அவர் மறைந்தார்.

நண்பர்களே, இதை ஏழைச் சிறுமியின் வெற்றிக் கதை என்று மட்டும் சொல்லி முடிக்க எனக்கு மனம் வரவில்லை. அந்த ரயிலில் அவர் பாட்டைக் காது கொடுத்துக் கேட்க ஆள் இருந்தது. கேட்பாரின்றிப் போன குழந்தைகள் எத்தனை பேரோ! அவருக்கு நாடக மேடை கதவைத் திறந்தது. எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரியாகப் போகும் எனக்கு இந்த அரசுக் கல்லூரி திறந்திருக்கிறது. திறமை எல்லாக் குடிசையிலும் பிறக்கிறது. கதவுதான் எல்லோருக்கும் திறப்பதில்லை. உள்ளே வந்துவிட்ட நாம், வெளியே நிற்பவரின் குரலுக்குச் செவி சாய்ப்போமாக!