உள்ளத்தைச் செம்மை செய்த வழிபாடு: கவிஞர் பனாரசிதாசர் வரலாறு



உடலில் நோய் தோன்றினால் உடனே மருத்துவரை நாடுகிறோம். உள்ளத்தில் நோய் தோன்றினாலோ, அது தோன்றியதையே அறியாமல் காலம் கழிக்கிறோம். சினம், செருக்கு, வஞ்சம், பற்று என்னும் நான்கு கஷாயங்களும் உள்ளத்தின் நோய்கள் என்பது நம் ஆகமங்களின் துணிபு. அந்நோய்கள் தணிவதற்காகவே வீதராகராகிய அருகபகவானை நாள்தோறும் வணங்குகிறோம். ஆயினும் வணங்குவோர் எல்லாருக்கும் அவை தணிந்துவிடுகின்றனவா என்பது எண்ணிப் பார்க்கத்தக்க வினாவாகும்.

பல்லாண்டுகள் பள்ளியில் பணியாற்றிய காலத்தில் நாம் இருவகை மாணவியரைக் கண்டதுண்டு. தேர்வு நெருங்கும்போது மட்டும் ஆலயத்திற்கு ஓடுவோர் ஒரு வகையினர். நான்கு நூல்களைக் கற்றவுடன் பூசையும் நோன்பும் பாமரர்க்கே உரியன என்று ஒதுக்குவோர் மற்றொரு வகையினர். இன்று நம் இல்லங்களிலும் இவ்விரு வகையினரும் உள்ளனர் என்பதை மறுப்பதற்கில்லை. இவ்விரண்டு நிலைகளிலும் தாமே நின்று, இரண்டிலும் இடறி விழுந்து, பின்னர் நேர்வழி கண்ட ஒரு சிராவகரின் வாழ்க்கையை ஈண்டுக் காண்போம். அவரே வடநாட்டுக் கவிஞர் பனாரசிதாசர். தம் வரலாற்றைத் தாமே மறைக்காமல் எழுதி வைத்தமையால், அவர்தம் குறைகளையும் அவர் வாய்மொழியாகவே நாம் அறிகிறோம்.

பிறப்பும் பெயரும்

பனாரசிதாசர் விக்கிரம ஆண்டு 1643இல், அதாவது கி.பி. 1586-87இல், கோமதி ஆற்றங்கரையில் உள்ள ஜௌன்பூரில் பிறந்தார். அக்பர் பேரரசர் ஆண்ட காலம் அது. தந்தையார் கரகசேனர் மணி வணிகர், சுவேதாம்பர மரபினர். முதலில் பிறந்த ஆண்மகவு சில நாட்களிலேயே இறந்துவிட, மகப்பேறு வேண்டி அவர் ரோத்தக் நகரில் உள்ள சதி தெய்வத்தை வழிபடப் புறப்பட்டார். வழியில் கள்வர் கைப்பொருள் அனைத்தையும் கவர்ந்துகொண்டனர். பொருள் போயினும் வேண்டுதலில் அவருக்கு இருந்த நம்பிக்கை போகவில்லை. பின்னர்ப் பிறந்த மகனுக்கு விக்கிரமாஜித் என்று பெயரிட்டார்.

குழந்தைக்குச் சில திங்கள் நிரம்பியபோது, பார்சுவநாத தீர்த்தங்கரர் அவதரித்த காசி நகருக்குப் பெற்றோர் எடுத்துச் சென்றனர். அங்கிருந்த பூசகர் மூச்சை அடக்கித் தியானம் செய்வதுபோல் இருந்து, பகவானின் யட்சன் தம் முன் தோன்றியதாகவும், இந்நகரின் பெயரையே குழந்தைக்கு இட்டால் நீண்ட ஆயுள் உண்டாகும் என்று உரைத்ததாகவும் கூறினார். பெற்றோர் அதனை மெய்யென்று நம்பினர். அவ்வாறு விக்கிரமாஜித் பனாரசி ஆனார். அந்தப் பூசகர் செய்தது வெறும் நடிப்பே என்று பிற்காலத்தில் பனாரசிதாசரே எழுதியுள்ளார்.

எட்டாம் வயதில் பள்ளி சென்ற அவர் விரைவில் எழுத்தும் கணக்கும் தேர்ந்தார். பதினோராம் வயதில் கைராபாத் நகரத்துப் பெண்ணை அவருக்கு மணம் செய்வித்தனர். மணமகள் இல்லம் புகுந்த அந்நாளிலேயே அவருடைய பாட்டியார் உயிர் நீத்தார். அன்றே ஒரு தங்கையும் பிறந்தாள். பிறப்பும் இறப்பும் மங்கலமும் ஒரே நாளில் ஓரில்லத்தில் கூடிய அந்நிகழ்ச்சியைச் சம்சாரத்தின் இயல்புக்குச் சான்றாக அவர் மறவாது குறித்து வைத்தார்.

வாணிகமாகிய வழிபாடு

இளமையில் நிகண்டும் அணியிலக்கணமும் சோதிடமும் பயின்றார். பானுசந்திர முனிவரிடம் சமயப் பாடங்களும் கற்றார். ஆனால் கல்வியோடு இன்ப நாட்டமும் வளர்ந்தது. சிற்றின்பச் சுவை மிக்க ஆயிரம் பாக்கள் கொண்ட நூலொன்றையும் இயற்றினார்.

அக்காலத்தில் போலித் துறவி ஒருவர் அவரிடம் வந்தார். தாம் தரும் மந்திரத்தை ஓராண்டு மறைவாகச் செபித்தால், அதன்பின் நாள்தோறும் வாயிலில் ஒரு பொற்காசு கிடைக்கும் என்றார். பனாரசிதாசர் ஓராண்டு முழுவதும் செபித்தார். பொற்காசு கிடைக்கவில்லை. அடுத்து ஒரு யோகி வந்து ஒரு சங்கைத் தந்து, இதனைச் சிவமாகக் கருதிப் பூசித்தால் எல்லாம் கைகூடும் என்றார். அதனையும் மறைவில் பூசித்தார். அதே வேளையில் பார்சுவநாதரைத் தரிசிக்கும்வரை பால், நெய் முதலியவற்றை உண்பதில்லை என்று நோன்பும் பூண்டார். காசிக்குச் சென்றபோது சங்கையும் உடன் எடுத்துச் சென்று, பகவானையும் வணங்கிச் சங்கையும் வணங்கினார். எந்தக் கடையில் சரக்கு மலிவோ அங்கு வாங்கும் வணிகரின் மனமே அப்போது அவருக்கு இருந்தது எனலாம்.

1605ஆம் ஆண்டு அக்பர் மறைந்த செய்தி ஜௌன்பூரை எட்டியது. படியில் அமர்ந்திருந்த பனாரசிதாசர் அதிர்ச்சியால் மயங்கி உருண்டு விழுந்தார். தலையில் குருதி பெருகியது. நகரத்தார் கதவடைத்தனர், நகைகளைப் புதைத்தனர், செல்வர்கள் எளியோர் போல் முரட்டுத் துணி உடுத்தனர். சலீம் அரியணை ஏறினார் என்ற ஓலை வந்த பின்னரே அச்சம் தணிந்தது.

காயம் ஆறியபின் பனாரசிதாசர் தம்மைத் தாமே வினவிக்கொண்டார். இத்தனை நாள் பூசித்தும் விழும்போது தம்மைத் தாங்குவார் இல்லையே என்று எண்ணிச் சங்குப் பூசையைக் கைவிட்டார். இதில் பிற சமயத்தின்மீது குறை காண நமக்கு இடமில்லை. குறை அவர் வணங்கிய பொருளில் இல்லை. கைம்மாறு வேண்டி வணங்கிய உள்ளத்திலேயே இருந்தது. கேட்டது கிடைக்காவிடில் கைவிடப்படும் வழிபாடு உள்ளத்தைத் தொடாத வழிபாடேயாகும்.

பின்னர் ஒருநாள் நண்பர்களோடு கோமதி ஆற்றுப் பாலத்தில் நின்று தம் சிற்றின்ப நூலைப் படித்துக்கொண்டிருந்தவர், பொய்யைப் பாடிய தம் நாவை எண்ணி நாணி, ஏடு முழுவதையும் ஆற்றில் எறிந்தார். அன்றுமுதல் ஆலய தரிசனம் செய்யாமல் உண்பதில்லை என்றும், சாமாயிகமும் நாள்தோறும் மேற்கொள்ளும் நியமங்களும் தவறுவதில்லை என்றும் உறுதி பூண்டார். ஊரார் வியந்தனர், தந்தையார் மகிழ்ந்தார்.

இழப்புகளும் வறுமையும்

1610ஆம் ஆண்டு தந்தையார் தந்த மணிகள், நெய், எண்ணெய், துணி ஆகியவற்றோடு வாணிகம் செய்ய ஆக்ரா சென்றார். அனுபவமின்மையால் முதல் முழுவதும் இழந்தார். மாலையில் காதற்கதைகளைப் படித்துக் காட்டுவார். பத்து இருபது பேர் வந்து கேட்பர். கையில் காசில்லாத அந்நாட்களில் கச்சோரி விற்பவர் ஒருவர் பல திங்கள் கடனாகவே அவருக்கு உணவளித்தார். அந்த எளியவரின் பெருந்தன்மையை நன்றியுடன் தம் நூலில் பதிவு செய்துள்ளார் கவிஞர்.

வாணிகத்தில் ஏற்பட்ட இழப்பு சிறிது. வாழ்வில் ஏற்பட்ட இழப்போ பெரிது. உயிர் நண்பராகிய நரோத்தமதாசர் இறந்தார். தந்தையார் 1616ஆம் ஆண்டில் மறைந்தார். அக்காலத்தில் ஆக்ராவில் கொள்ளைநோயும் பரவியது. மனைவியர் இருவரை ஒருவர்பின் ஒருவராக இழந்து மூன்றாம் முறை மணந்தார். ஏழு ஆண்மக்களும் இரு பெண்மக்களுமாகப் பிறந்த ஒன்பது குழந்தைகளில் ஒன்றேனும் தங்கவில்லை. இலையுதிர்ந்த மரமாய்த் தாமும் துணைவியும் மட்டும் எஞ்சியதைக் கண்ணீர் பெருக்காமல், ஆனால் கற்போர் கண்ணீர் பெருகுமாறு, அவர் எழுதியுள்ளார்.

வறட்டு ஞானம்

1623ஆம் ஆண்டில் அரத்மல் என்னும் அன்பர், சமயசார நூலுக்குப் பாண்டே ராஜமல்லர் எழுதிய உரையைப் பனாரசிதாசரிடம் தந்து படிக்கச் சொன்னார். சமயசாரம் குந்தகுந்த ஆசாரியர் அருளியது. வந்தவாசி அருகே பொன்னூர் மலையில் நாம் வணங்கும் திருவடிகள் அப்பெருமானுடையனவே. ஆன்மா இயல்பில் தூயது, வினையும் உடலும் அதற்கு வேறானவை என்பதை நிச்சய நயத்தால் உணர்த்தும் உயர்ந்த நூல் அது. விவகார நயத்தின் துணையின்றி அதனைக் கற்போர் வழுக்கி விழுதலும் கூடும்.

பனாரசிதாசர் வழுக்கினார். ஆன்மா எப்போதும் தூயதாயின் பூசை எதற்கு, நோன்பு எதற்கு, சாமாயிகம் எதற்கு என்று எண்ணி அனைத்தையும் விட்டார். ஒத்த கருத்துடைய நண்பர் மூவரும் அவருடன் சேர்ந்தனர். பகவானுக்குப் படைத்த நிவேதனத்தை எடுத்து உண்டனர். அறைக்கதவை அடைத்து, ஆடை களைந்து, தாமும் திகம்பர முனிவரே என்று கூறி ஆடினர். ஊரார் பழித்தனர். பழியைக் கேட்டும் அவர் உள்ளம் கூசவில்லை, செருக்கே மிகுந்தது. சடங்கின் மயக்கத்தில் இருந்தபோது அவரைப் பற்றிய நோய் ஆசை. அறிவின் மயக்கத்தில் இருந்தபோது பற்றிய நோய் ஆணவம். முன்னதைவிடப் பின்னது கொடிது. ஆசைப்பட்டவன் என்றேனும் ஏமாற்றமடைந்து திருந்துவான். தான் தூயவன் என்று எண்ணுபவனோ திருந்த வேண்டிய தேவையையே உணர்வதில்லை.

மருந்தாக வந்த நூல்

இந்நிலை பன்னிரண்டு ஆண்டுகள் நீடித்தது. 1635ஆம் ஆண்டில் ரூப்சந்தர் என்னும் பண்டிதர் ஆக்ரா வந்தார். திகுனா சாகு என்பவர் எடுப்பித்த ஆலயத்தில் தங்கி, கோம்மடசாரத்தை விரித்துரைத்தார். இந்நூல் கி.பி. பத்தாம் நூற்றாண்டில் நேமிசந்திர சித்தாந்த சக்கரவர்த்தி அருளியது. சிரவணபெளகுளத்தில் கோமடேசுவரர் திருவுருவை எடுப்பித்த சாமுண்டராயர் அவருடைய மாணாக்கர்.

கோம்மடசாரம் பதினான்கு குணஸ்தானங்களை விளக்குவது. ஆன்மா மயக்கத்திலிருந்து விடுதலை வரை ஏறும் படிகள் அவை. ஒவ்வொரு படிக்கும் உரிய ஒழுக்கம் உண்டு. இல்லறத்தார் நிற்கும் படியில் பூசை, தானம், நோன்பு ஆகியவை தேவை. முனிவர் நிற்கும் படிக்கு அவர்க்குரிய தவவொழுக்கம் தேவை. மேற்படியில் நிற்பவர்க்கு வேண்டாதது என்பதற்காகக் கீழ்ப்படியில் நிற்பவர் ஒன்றை உதறினால், மேலேறுவதற்குப் பதிலாக விழுவதே நேரும். இதனைக் கேட்ட பனாரசிதாசருக்கு ஐயம் நீங்கியது. தாம் படித்த சமயசாரம் பொய்யன்று, தாம் நின்ற படியை அறியாமல் அதனைப் படித்ததே பிழை என்று தெளிந்தார். தென்னாட்டில் போற்றப்பட்ட நூலொன்றால் தடுமாறியவருக்குத் தென்னாட்டு நூல் மற்றொன்றே மருந்தாயிற்று என்பது நாம் எண்ணி மகிழத்தக்கது.

அடுத்த ஆண்டே, 1636இல், சமயசார நாடகம் என்னும் தம் தலைசிறந்த நூலை நிறைவு செய்தார். அதன் இறுதியில் குணஸ்தானங்களைப் பற்றிய பகுதியைத் தாமே சேர்த்தார். அப்பகுதியில் ஜினபிம்பத்தின் பெருமையைப் போற்றிப் பாடியுள்ளார். நிவேதனத்தை எடுத்து உண்டு நகைத்தவர், அத்திருவுருவைக் கண்ட அளவில் உள்ளம் அமைதியுறும் என்று பாடும் அளவுக்கு மாறினார். பார்சுவநாதரைத் துதிக்கும் கலியாணமந்திர தோத்திரத்தையும் மக்கள் பேசும் மொழியில் ஆக்கித் தந்தார். வடநாட்டுச் சிராவகர்கள் இன்றும் அதனை ஓதுகின்றனர்.

தம்மைத் தாமே சோதித்தல்

1641ஆம் ஆண்டு, தம் ஐம்பத்தைந்தாம் வயதில், அர்த்தகதானகம் என்னும் தன்வரலாற்றை 675 பாக்களில் எழுதினார். மனித ஆயுளின் எல்லை நூற்றுப்பத்து என்று கொண்டு, பாதி வாழ்வின் கதை என்று பெயரிட்டார். அதன் முடிவில் தம் குணங்களையும் குற்றங்களையும் பட்டியலிட்டுள்ளார். பொறுமை, மனநிறைவு, இனிய சொல் ஆகியவை தம்மிடம் உண்டு என்றவர், பொருட்பற்று இன்னும் மிகுதி என்றும், செபதவத்திலும் பூசையிலும் தானத்திலும் தமக்கு ஊக்கம் போதவில்லை என்றும் ஒளிவின்றி ஒப்புக்கொண்டார். மெய்யறிவு பெற்ற பின்னும் இக்குறைகளா என்று சிலர் வியக்கலாம். நாமோ இதனையே அவருடைய நலத்திற்கு அடையாளமாகக் கொள்கிறோம். பன்னிரண்டு ஆண்டுகள் தம்மிடம் குறையே இல்லை என்று நடந்தவர், இப்போது குறையைக் குறையென்று காண்கிறார். நோயை அறிந்தவரே மருந்தை விடாமல் உண்பர்.

அன்பர்களே, அருகபகவான் விருப்பு வெறுப்பு அற்றவர். நம் பூசையால் அவர் மகிழ்வதும் இல்லை. பூசையின்மையால் சினப்பதும் இல்லை. ஆகவே அவர் முன் நின்று பொருளைக் கேட்பதால் பயனில்லை. அவர் குணங்களை நினைந்து நிற்கும் அந்நேரத்தில் நம் சினமும் செருக்கும் சற்றே தணிகின்றன. அதுவே வழிபாட்டின் பயன். அதனை நாள்தோறும் பெறுதல் வேண்டும். ஆகமத்தைக் கற்ற இளையோரும் இதனை விட்டுவிடலாகாது. கற்காமல் வணங்கும் முதியோரும் சுவாத்தியாயத்தை மேற்கொள்ளல் வேண்டும். பூசைத்தட்டோடு ஆலயம் செல்லும்போது பிள்ளைகளையும் உடன் அழைத்துச் சென்று, ஏன் வணங்குகிறோம் என்பதை அவர்களுக்கு விளக்கிக் கூறுதல் பெற்றோர் கடமை. விளக்கம் பெறாத பிள்ளை ஒன்று அஞ்சி வணங்கும். அன்றி வணங்காமலே போகும்.

இரவு உறங்குமுன் பனாரசிதாசரைப் போல் நம் குணங்களையும் குற்றங்களையும் ஒருமுறை எண்ணிப் பார்ப்போமாக. மறுநாட்காலை அக்குற்றங்களோடேயே ஜினாலயப் படியேறி, அவை குறைய வணங்குவோமாக.

அறம் வளர்க! ஜினதர்மம் ஓங்குக!