வெறுப்பின் நகரத்தில் பகத் சிங்

பகத் சிங்கின் படம் இல்லாத மாணவர் விடுதி அரிது. தொப்பியும் முறுக்கிய மீசையுமாகத் தோன்றும் அந்த முகத்தைத் துப்பாக்கியோடும் வெடிகுண்டோடும் தூக்குக் கயிற்றோடுமே பலரும் இணைத்துப் பார்க்கின்றனர். சாதிப் பெருமை பேசும் அமைப்புகளும் மத வெறுப்பை விதைக்கும் அமைப்புகளும்கூட அவரைத் தம் பதாகைகளில் அச்சிடத் தயங்குவதில்லை. 18 வயதிலிருந்து 21 வயதுவரை லாகூரில் அவர் என்ன வேலை செய்தார் என்பதை அறிந்திருந்தால் அவர்கள் சற்றுத் தயங்கியிருக்கக்கூடும்.

1907 செப்டம்பரில், இன்று பாகிஸ்தானில் இருக்கும் லயல்பூர் மாவட்டத்தின் பங்கா கிராமத்தில் அவர் பிறந்தார். தந்தை கிஷன் சிங்கும் சிற்றப்பா அஜித் சிங்கும் காலனிய அரசின் கண்காணிப்புக்கு உள்ளானவர்கள். லாகூரின் தேசியக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது வீட்டார் திருமணப் பேச்சை எடுக்க, அதைத் தவிர்க்க வீட்டைவிட்டு வெளியேறிக் கான்பூருக்குச் சென்றார். அங்கே பிரதாப் இதழை நடத்திவந்த கணேஷ் சங்கர் வித்யார்த்தி அவருக்கு வேலை கொடுத்தார். மதவெறிக்கு எதிராக இடைவிடாது எழுதிய அந்த ஆசிரியரிடமிருந்தே இதழியலின் முதல் பாடத்தை அவர் கற்றார்.

லாகூருக்குத் திரும்பியபோது நகரம் மாறிப்போயிருந்தது. 1922இல் ஒத்துழையாமை இயக்கம் நிறுத்தப்பட்டதும், ஒன்றாகச் சிறை சென்றவர்கள் எதிரெதிர் மேடைகளில் ஏறினர். ஒருபுறம் சுத்தி, சங்கதன் இயக்கங்கள். மறுபுறம் தப்லீக், தன்ஸீம் இயக்கங்கள். 1924இல் கோஹாட்டில் பெருங்கலவரம் நடந்தது. இந்தப் பகைக்கு ஒரு கணக்கு உண்டு என்பதை நாம் மறக்கக்கூடாது. 1919 சீர்திருத்தங்களுக்குப் பின் சட்டமன்ற இடங்களும் அரசு வேலைகளும் மதவாரித் தலை எண்ணிக்கையோடு பிணைக்கப்பட்டன. தீண்டப்படாத மக்களைத் தம் பக்கம் எழுதிக்கொள்ள ஒவ்வொரு தரப்பும் போட்டியிட்டது. கிணற்றில் தண்ணீர் எடுக்க அனுமதிக்கப்படாதவர்கள் மக்கள்தொகைக் கணக்கில் மட்டும் வரவேற்கப்பட்டனர்.

அந்த ஆண்டுகளில் லாகூர் நீதிமன்றத்தில் நடந்த ஒரு வழக்கு, இன்றுவரை நம் சட்டப் புத்தகத்தில் தடம் பதித்துள்ளது. இஸ்லாமியரின் இறைத்தூதரைப் பற்றி இழிவான நூலொன்றை வெளியிட்டதற்காக ராஜ்பால் என்ற பதிப்பாளர்மீது இந்திய தண்டனைச் சட்டம் 153அ பிரிவின்கீழ் வழக்குத் தொடரப்பட்டது. 1927 மே மாதம் லாகூர் உயர்நீதிமன்றம் அவரை விடுவித்தது. வகுப்புகளிடையே பகைமை வளர்ப்பதையே அந்தப் பிரிவு தண்டிக்கிறது. மறைந்த சமயத் தலைவர் மீதான தாக்குதல் அதற்குள் அடங்காது என்பது நீதிபதி தலிப் சிங்கின் வாதம். அதே மாதம் லாகூரில் கலவரம் வெடித்தது. அதே ஆண்டிலேயே மத உணர்வை வேண்டுமென்றே புண்படுத்துவதைக் குற்றமாக்கும் 295அ பிரிவு இயற்றப்பட்டது.

அவ்விரு பிரிவுகளும் இன்று பாரதிய நியாய சன்ஹிதாவில் 196, 299 என எண் மாறி வாழ்கின்றன. இரண்டிலும் வழக்கை நீதிமன்றம் ஏற்க அரசின் முன் அனுமதி வேண்டும். ஆகவே வெறுப்பைப் பேசியவர் ஆளுங்கட்சிக்கு வேண்டியவராக இருந்தால் கோப்பு நகராது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(யு) பிரிவு, பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கு எதிராகப் பேச்சாலோ எழுத்தாலோ பகைமையையும் வெறுப்பையும் வளர்ப்பதைத் தனிக் குற்றமாக்குகிறது. அதற்கு இந்த முன் அனுமதித் தடை இல்லை. தோழர்கள் புகார் எழுதும்போது இதை மறந்துவிடுகின்றனர் என்பதால் இங்கே குறிக்கிறேன்.

சட்டம் எவ்வளவு தூரம் போகும் என்று அரசு கணக்கிட்டுக்கொண்டிருந்த அதே காலத்தில், பகத் சிங்கும் தோழர்களும் வேறொரு வழியை முயன்றுகொண்டிருந்தனர். 1926 மார்ச்சில் பகவதி சரண் வோரா, சுக்தேவ் ஆகியோரோடு சேர்ந்து நவஜவான் பாரத் சபாவை அவர் தொடங்கினார். அப்போது அவருக்கு 18 வயது. மதவெறிக் கருத்துகளைப் பரப்பும் எந்த அமைப்போடும் தொடர்பு கூடாது என்பதும், மதம் தனிமனித நம்பிக்கை என்ற அளவில் மக்களிடையே சகிப்பை வளர்க்க வேண்டும் என்பதும் சபாவின் விதிகளில் இடம்பெற்றன. இந்த விதியின் கூர்மையைக் கவனிக்க வேண்டும். ஒற்றுமை வேண்டும் என்று அன்று எல்லாத் தலைவர்களும் பேசினர். மாலையில் ஒற்றுமை மாநாட்டில் பேசிவிட்டு மறுநாள் காலை மதவாரி அமைப்பின் மேடையில் அமரவும் அவர்களால் முடிந்தது. சபா அந்த வசதியை மறுத்தது.

கேதார்நாத் சைகல், சோகன் சிங் ஜோஷ், அப்துல் மஜீத் என மூன்று மதப் பின்னணிகளிலிருந்து வந்தவர்கள் அதில் ஒன்றாக உழைத்தனர். சபா பொதுக்கூட்டங்களை நடத்தியது; துண்டு நூல்களை விற்றது. இந்துக்களும் முஸ்லிம்களும் சீக்கியரும் தீண்டப்படாதோரும் ஒரே வரிசையில் அமர்ந்து உண்ணும் சமபந்திகளையும் நடத்தியது. வீடுகளில் தண்ணீர்க் குவளைகூடத் தனித்தனியாக இருந்த காலத்தில் இது சிறு செயல் அன்று. சாதிக்கொரு வண்ணக் கயிறு கட்டிப் பள்ளிக்கு வரும் நம் பிள்ளைகளை எண்ணிப் பார்க்கிறேன். நாங்குநேரிக் கொடுமைக்குப் பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024இல் அந்தக் கயிறுகளைத் தடைசெய்யப் பரிந்துரைத்தது. கயிற்றை அறுத்தபின் அந்தப் பிள்ளைகள் எங்கே ஒன்றாக உட்காருவார்கள் என்ற கேள்வியைச் சபா 1926லேயே எதிர்கொண்டது.

மாற்றுக் கருத்துடையோரை எதிர்ப்பதிலும் சபாவினருக்கு ஒரு முறை இருந்தது. தாம் மதித்த லாலா லஜபதி ராய் மதவாரி அரசியலுக்குச் சாய்ந்தபோது, பகத் சிங் ஒரு துண்டறிக்கை வெளியிட்டார். அட்டையில் லஜபதி ராயின் படம். உள்ளே, தன் மக்களைக் கைவிட்டுப்போன தலைவனைப் பற்றி ராபர்ட் பிரௌனிங் எழுதிய கவிதை. வசைச் சொல் ஒன்றுகூட இல்லை. 1928 அக்டோபரில் சைமன் குழுவுக்கு எதிரான ஊர்வலத்தில் தடியடிபட்டு, நவம்பரில் லஜபதி ராய் இறந்தபோது, பழிவாங்கப் புறப்பட்டவர்களும் இவர்களே. டிசம்பரில் காவல் அதிகாரி சாண்டர்ஸும் தலைமைக் காவலர் சனன் சிங்கும் கொல்லப்பட்டனர். அந்தக் கொலைகளை நான் நியாயப்படுத்த மாட்டேன். ஆயினும் கருத்தால் எதிர்த்த ஒருவரைப் பகைவராக்காத மனம் அவர்களிடம் இருந்தது என்பதைப் பதிவுசெய்ய வேண்டும்.

அமிர்தசரசிலிருந்து வெளிவந்த கீர்த்தி இதழில் அவர் எழுதிய கட்டுரைகளே நமக்கு மிகுதியும் பயன்படுபவை. மதக் கலவரங்களைப் பற்றிய கட்டுரையில், தலைவர்களையும் செய்தித்தாள்களையும் அவர் நேராகக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினார். மக்களுக்குக் கல்வி தர வேண்டிய ஏடுகள் உணர்ச்சியைத் தூண்டும் தலைப்புகளால் தெருவில் தலைகளை உடைத்தன என்பது அவர் கருத்து. கல்கத்தாவில் கலவரம் நடந்தபோது தொழிற்சங்கத்தில் இணைந்திருந்த தொழிலாளர்கள் அதில் சேராமல் ஒன்றாக நின்றதை எடுத்துக்காட்டினார். அன்றாடம் ஒன்றாகச் செய்யும் வேலையிலும் ஒன்றாகக் கேட்கும் கூலியிலும்தான் நம்பிக்கை பிறக்கும் என்று அவர் கண்டுகொண்டார்.

1928 ஜூன் மாதம், தீண்டாமை பற்றிய கட்டுரை புனைபெயரில் வெளிவந்தது. நாயை மடியில் வைத்துக் கொஞ்சுவோர் சக மனிதர் தொட்டால் தீட்டு என்கின்றனரே என்று சாடினார். தீண்டப்படாதோரை இழுத்துக்கொள்ளப் போட்டியிடும் மதங்களின் உள்நோக்கத்தை அம்பலப்படுத்தினார். அம்மக்கள் தமக்கெனத் தனி அமைப்புக் காண்பதையும் தனிப் பிரதிநிதித்துவம் கோருவதையும் வரவேற்றார். முந்தைய தலைமுறையின் சீர்திருத்தவாதிகளுக்கும் அவருக்கும் உள்ள வேறுபாடு இதுவே. பஞ்சாபில் அப்போது கதர் இயக்கத்திலிருந்து வந்த மங்கு ராம் ஆதி தர்ம இயக்கத்தைக் கட்டிக்கொண்டிருந்தார். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோர் தம்மை ஆதி தர்மிகள் எனப் பதிந்தனர்.

பகத் சிங் ஜாட் நில உடைமைக் குடும்பத்தில் பிறந்தவர். 1900ஆம் ஆண்டின் பஞ்சாப் நிலச் சட்டம் தலித்துகள் விளைநிலம் வாங்குவதைத் தடுத்தது. அதன் பயன் அவர் பிறந்த சமூகத்தைச் சென்றடைந்தது. எனவே அவரை நம் தலைவர் என்று கொண்டாடுவதைவிட, நம்பத் தகுந்த ஒரு கூட்டாளி என்று கொள்வதே சரி. சிறையில் துப்புரவுத் தொழிலாளியைத் தாய் என்றழைத்து அவர் கையால் உணவு கேட்டார் என்று வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. நெகிழவைக்கும் செய்திதான். எனக்கு அந்தக் கட்டுரையே பெரிதாகப் படுகிறது. அது பரிவோடு நின்றுவிடாமல் அமைப்பையும் பிரதிநிதித்துவத்தையும் பேசுகிறது.

1929 ஏப்ரல் 6 அன்று பதிப்பாளர் ராஜ்பால் லாகூரில் குத்திக் கொல்லப்பட்டார். கொன்றவர் தச்சுத் தொழில் செய்யும் குடும்பத்து இளைஞர். ஏறத்தாழ பகத் சிங்கின் வயது. இரண்டே நாட்களில், ஏப்ரல் 8 அன்று, பகத் சிங்கும் பி.கே. தத்தும் டெல்லி மத்திய சட்டமன்றத்தில் யாரையும் கொல்லும் நோக்கமின்றி வெடிகுண்டு வீசிவிட்டுக் கைதாயினர். அந்த இளைஞர் அக்டோபரில் மியான்வாலி சிறையில் தூக்கிலிடப்பட்டார். பகத் சிங் ஜூன் மாதம் உண்ணாநோன்பு தொடங்கியதும் அதே சிறையில்தான். ஒரு நகரம் தன் இரு மகன்களின் காதுகளில் வெவ்வேறு சொற்களை ஓதியது. ஒருவருக்கு நூலகமும் வாதமும் பல மதத் தோழர்களும் கிடைத்தனர். மற்றவருக்கு மேடைப் பேச்சு மட்டுமே கிடைத்திருந்தால், குற்றவாளி அவர் ஒருவர்தானா?

அதே அக்டோபரில் லாகூரில் சுபாஷ் சந்திர போஸ் தலைமையில் பஞ்சாப் மாணவர் மாநாடு கூடியது. சிறையிலிருந்து பகத் சிங்கும் தத்தும் அதற்குச் செய்தி அனுப்பினர். துப்பாக்கியையும் வெடிகுண்டையும் ஏந்தும்படி இன்று இளைஞர்களைக் கேட்கமாட்டோம் என்றும், அதைவிடப் பெரிய வேலை ஆலைகளிலும் சேரிகளிலும் சிற்றூர்க் குடிசைகளிலும் காத்திருக்கிறது என்றும் அதில் சொன்னார்கள். விடுதிச் சுவரில் துப்பாக்கிப் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டப்பட வேண்டியது அந்தச் செய்தி.

மேல்முறையீட்டு வாய்ப்பற்ற சிறப்புத் தீர்ப்பாயம் 1930 அக்டோபரில் மரண தண்டனை விதித்தது. 1931 மார்ச் 23 மாலை, ராஜகுரு, சுக்தேவ் ஆகியோருடன் பகத் சிங் லாகூரில் தூக்கிலிடப்பட்டார். அடுத்த வாரமே பெரியாரின் குடிஅரசு அவரைப் போற்றித் தலையங்கம் எழுதியது. பின்னர் அவருடைய நாத்திக நூலைத் தமிழாக்கியதற்காக ஜீவானந்தம் கைதானார்.

கான்பூரில் நடந்ததை நம் பாடநூல்கள் சொல்வதில்லை. மார்ச் 24 அன்று அவருக்காகக் கடையடைப்பு அறிவிக்கப்பட்டது. முஸ்லிம் வணிகர் சிலர் கடையை மூட மறுத்தனர். வற்புறுத்தல் வாக்குவாதமாகி, வாக்குவாதம் கலவரமாகியது. நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். மதவெறியை எதிர்த்து எழுதிய இளைஞரின் பெயரால் தொடங்கிய துக்கம், ஒரே நாளில் மதக் கலவரமாயிற்று. பிரதாப் அலுவலகத்தில் அவருக்கு முதல் வேலை தந்த கணேஷ் சங்கர் வித்யார்த்தி, இரு மதத்தாரையும் எரியும் தெருக்களிலிருந்து மீட்டு வெளியேற்றிக்கொண்டிருந்தார். மார்ச் 25 அன்று அவரும் கொல்லப்பட்டார். சில நாட்கள் கழித்தே, மருத்துவமனையில் குவிந்திருந்த உடல்களுக்கிடையே அவரை அடையாளம் கண்டனர்.