செம்பியன் மாதேவி: சாமி சிலைகளை வார்க்கவைத்த சோழ ராணி... அவருடைய சிலை எங்கே?

சோழர் காலச் செப்புத் திருமேனிகளைப் பற்றிப் பேச்சு வந்தால் கட்டாயம் வரும் ஒரு பெயர், சிற்பியுடையது அல்ல. செய்யச் சொன்ன அரசியுடையது. அவர்தான் செம்பியன் மாதேவி. பொன்னியின் செல்வன் படித்தவர்களுக்கு ‘பெரிய பிராட்டி’.

யார் இவர்?

மழவரையர் குலத்து மகள். மழநாடு என்பது கொள்ளிடத்துக்கு வடக்கே, இன்றைய பெரம்பலூர், அரியலூர் பக்கம். திருமழபாடி என்ற ஊர்ப் பெயரில் அந்த மழவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கணவர் கண்டராதித்த சோழர். அவர் பெயரில் ஓர் ஊரே அரியலூர் மாவட்டத்தில் இருக்கிறது.

957 வாக்கில் கணவர் மறைந்தபோது மகன் சின்னப் பையன். அரியணை கணவரின் தம்பி அரிஞ்சயருக்கும், பிறகு அவர் மகன் சுந்தர சோழருக்கும் போனது. மகன் உத்தம சோழன் அரசனானது 970-களில்தான்.

அப்படி என்ன செய்தார்?

செங்கல் கோயில்களைக் கருங்கல்லில் எடுத்துக் கட்டினார். கோனேரிராஜபுரம், திருக்கோடிக்காவல், விருத்தாசலம் எனப் பட்டியல் நீளம். கோனேரிராஜபுரம் கோயிலைக் கணவர் பெயரிலேயே கட்டினார். அவர் லிங்கத்தை வழிபடும் சிற்பமும் அங்கே உண்டு. திருக்கோடிக்காவலில் பழைய கல்வெட்டுகள் தொலைந்துவிடாமல் புதுச் சுவரில் மறுபடி வெட்டப்பட்டன. கூடவே, வீதியுலாவுக்கான செப்புத் திருமேனிகளையும் வார்க்கச் செய்தார்.

செப்புத் திருமேனி எப்படி உருவாகும்?

தேன்மெழுகில் குங்கிலியம் கலந்து உருவம் செய்வார்கள். மேலே களிமண் பூசிக் காயவைத்துச் சுடுவார்கள். மெழுகு உருகி ஓடிவிடும். அந்த வெற்றிடத்தில் உருக்கிய உலோகத்தை ஊற்றுவார்கள். ஆறியதும் களிமண்ணை உடைத்துத்தான் சிலையை எடுக்க முடியும். அதாவது, ஓர் அச்சுக்கு ஒரே சிலை. தொலைந்தால் அதே அச்சில் இன்னொன்று வராது.

ராணிக்கே சிலையா?

ஆமாம். நாகப்பட்டினம் மாவட்டத்தில் அவர் பெயரிலேயே அமைந்த செம்பியன் மாதேவி ஊரின் கைலாசநாதர் கோயிலில், 1019-ல் ராஜேந்திர சோழன் அவருக்குப் படிமம் வைத்ததைக் கல்வெட்டு சொல்கிறது.

அமெரிக்காவின் வாஷிங்டனில் உள்ள ஃப்ரீயர் அருங்காட்சியகம் 1929-ல் ஒரு செப்புச் சிலையை வாங்கியது. உயரம் சுமார் 107 சென்டிமீட்டர். அது செம்பியன் மாதேவியின் உருவம் என்கிறார்கள் அறிஞர்கள் பலர். பார்வதிதான் என்போரும் உண்டு. அது அந்த ஊர்க் கோயிலிலிருந்து போனது என்பது தமிழகச் சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவின் நிலைப்பாடு. 2022-ல் மீட்பு முயற்சியை அது அறிவித்தது.

1001 வரை அவர் கொடுத்த தானங்கள் கல்வெட்டுகளில் பதிவாகியுள்ளன. கணவர், மகன், கோயில்கள், கொடைகள் என எல்லாமே கல்லில் இருக்கின்றன. அவர் முகம் எப்படி இருந்தது என்பதற்கு மட்டும், ஒருவேளை, அந்த ஒற்றைச் சிலைதான் சாட்சி.