மேடம் சி. ஜே. வாக்கர்

மேடம் சி. ஜே. வாக்கர் (டிசம்பர் 23, 1867 – மே 25, 1919) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த ஆப்பிரிக்க அமெரிக்கத் தொழில் முனைவரும் கொடையாளரும் ஆவார். இவரது இயற்பெயர் சாரா பிரீட்லவ். நெருங்கிய சுருள்முடி கொண்ட கறுப்பினப் பெண்களுக்கென முடிப் பராமரிப்புப் பொருட்களைத் தயாரித்து விற்று, ஆயிரக்கணக்கான பெண்களுக்கு அத்தொழிலைக் கற்பித்தார். பரம்பரைச் சொத்து ஏதுமின்றித் தம் உழைப்பால் மில்லியனர் ஆன முதல் அமெரிக்கப் பெண் என்று கின்னஸ் உலக சாதனை நூல் இவரைக் குறிப்பிடுகிறது.

பிறப்பும் இளமையும்

சாரா, லூசியானா மாநிலத்தில் மிசிசிப்பி ஆற்றங்கரையில் உள்ள டெல்டா என்னும் ஊருக்கு அருகில் ஒரு பருத்தித் தோட்டத்தில் பிறந்தார். தந்தை ஓவன் பிரீட்லவ், தாய் மினர்வா. இருவரும் உள்நாட்டுப் போர் முடியும் வரை அதே தோட்டத்தில் அடிமைகளாக இருந்தவர்கள். அவர்களுடைய பிள்ளைகளில் அடிமைத்தளையின்றிப் பிறந்த முதற் குழந்தை சாராவே.

ஏழு வயதை எட்டும் முன்பே தாயையும் ஏழு வயதளவில் தந்தையையும் இழந்த சாரா, தம் அக்காள் லூவீனியாவின் ஆதரவில் வளர்ந்தார். பத்து வயதளவில் அக்காள் குடும்பத்துடன் ஆற்றின் மறுகரையிலுள்ள விக்ஸ்பர்க் நகரில் குடியேறி, வீட்டு வேலை செய்து பிழைத்தார். பள்ளிக்கூடப் படிப்பு என்று இவருக்குக் கிடைத்தது ஏறத்தாழ மூன்று மாதங்கள் மட்டுமே.

அக்காள் கணவரின் கொடுமையிலிருந்து தப்பும் பொருட்டு, 14 ஆவது வயதில் மோசஸ் மெக்வில்லியம்ஸ் என்பவரை மணந்தார். 1885 சூன் 6 இல் இவர்களுக்கு லெலியா என்ற மகள் பிறந்தாள். 1887 இல் கணவர் இறந்தபோது சாராவுக்கு வயது இருபது. குழந்தைக்கு வயது இரண்டு.

சலவைத் தொழிலாளி

கைம்பெண்ணான சாரா, மகளை அழைத்துக்கொண்டு மிசூரி மாநிலத்தின் செயின்ட் லூயிஸ் நகருக்குச் சென்றார். இவருடைய அண்ணன்மார் அங்கு முடிதிருத்தும் தொழில் செய்து வந்தனர். சாரா பிறர் வீட்டுத் துணிகளை வெளுத்து வாழ்ந்தார். சாம்பற்காரம் கலந்த சவர்க்காரமும் கொதிநீரும் கைகளை அரிக்கும் அவ்வேலைக்கு நாளொன்றுக்கு ஒரு டாலருக்குச் சற்றுக் கூடுதலாகவே கூலி கிடைத்தது. அந்த வருவாயிலிருந்து மிச்சம் பிடித்து மகளைப் பள்ளிக்கும், பின்னர் டென்னசி மாநிலத்திலுள்ள நாக்ஸ்வில் கல்லூரிக்கும் அனுப்பினார்.

செயின்ட் பால் ஆப்பிரிக்க மெதடிச தேவாலயத்தில் இவர் உறுப்பினராக இருந்தார். அங்கு வந்த கற்றறிந்த கறுப்பினப் பெண்களின் நடையுடையும் பேச்சும் இவருக்குப் புதிய உலகைக் காட்டின. 1894 இல் செய்த இரண்டாம் திருமணம் நிலைக்கவில்லை.

முடி உதிர்தலும் அதன் காரணங்களும்

இக்காலத்தில் சாராவின் தலைமுடி கொத்துக்கொத்தாக உதிரத் தொடங்கியது. இது இவருக்கு மட்டும் நேர்ந்த குறையன்று. அன்றைய ஏழைக் குடியிருப்புகளில் குழாய் நீர் இல்லை. வெந்நீர்க் குளியல் அரிது. தலை கழுவுவது பல நாட்களுக்கு, சில வேளை பல வாரங்களுக்கு ஒருமுறையே. அதனால் உச்சந்தலையில் பொடுகும் புண்ணும் பற்றின. கடுங்காரச் சவர்க்காரம் அவற்றை மேலும் மோசமாக்கியது.

சுருள்முடியின் அமைப்பும் இதற்கு ஒரு காரணமாகும். நெருங்கிய சுருள்முடி இழையைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் வட்டமாக இராது, தட்டையான நீள்வட்டமாக இருக்கும். தோலில் சுரக்கும் எண்ணெய், நேரான இழையில் எளிதாக நுனிவரை இறங்கும். சுருளின் ஒவ்வொரு திருப்பத்திலும் அது தடைப்படுவதால், சுருள்முடி எளிதில் உலர்ந்து விடுகிறது. உலர்ந்த இழை வளைவுகளில் முறியும். எனவே நேர்முடிக்கென உருவாக்கிய சவர்க்காரமும் சீப்பும் இம்முடிக்குப் பொருந்துவதில்லை.

முடி இழந்த பெண்கள் துணியால் தலையை மறைத்தனர். வசதியுள்ளோர் சவுரி வைத்துக் கட்டினர். எனினும் சவுரியின் சுருளும் மினுமினுப்பும் இயல்பான முடியோடு ஒத்துப்போகாவிட்டால் அது தனித்துத் தெரியும். கனமான சவுரி நலிந்த முடியை மேலும் இழுத்துப் பிடுங்கும். சாரா நாடியது மறைக்கும் வழியை அன்று. உள்ள முடியை மீட்கும் வழியை.

தொழிலின் தொடக்கம்

ஆனி டர்ன்போ (பின்னாளில் ஆனி மலோன்) என்னும் கறுப்பினப் பெண் தொழிலதிபர், 1902 இல் செயின்ட் லூயிசுக்கு வந்து, தாம் தயாரித்த முடி வளர்ப்புப் பூச்சை வீடு வீடாக விற்று வந்தார். சாரா அதைப் பயன்படுத்தி, பின்னர் அவருடைய விற்பனை முகவராகச் சேர்ந்தார். 1905 இல் கொலராடோ மாநிலத்தின் டென்வர் நகருக்குக் குடிபெயர்ந்து அங்கும் அப்பொருளை விற்றார். சமையல் வேலை செய்தபடியே தமக்கெனத் தனியாக ஒரு பூச்சை உருவாக்கினார்.

1906 சனவரியில், செய்தித்தாள் விளம்பரத் துறையில் அனுபவம் பெற்ற சார்லஸ் ஜோசப் வாக்கரை மணந்தார். கணவர் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து, மேடம் சி. ஜே. வாக்கர் என்ற பெயரை வணிகப் பெயராகக் கொண்டார். அன்று வெள்ளையர், எவ்வளவு வயதான கறுப்பினப் பெண்ணையும் மரியாதையின்றி முதற்பெயராலேயே அழைத்தனர். மேடம் என்னும் அடைமொழி அதற்கு இடம் கொடுக்கவில்லை.

பூச்சு செய்யும் முறை தமக்குக் கனவில் தெரிந்ததாக வாக்கர் கூறி வந்தார். அதில் முக்கியமாக இருந்தவை பெட்ரோலிய மெழுகுக் களிம்பும் கந்தகமும் ஆகும். பொடுகுக்கும் உச்சந்தலைப் புண்ணுக்கும் கந்தகத்தைப் பயன்படுத்துவது நெடுங்காலமாக இருந்து வந்த மருத்துவ வழக்கம். ஆனி டர்ன்போவின் பூச்சும் இவ்வகையினதே. தம்மைப் பார்த்துச் செய்த போலி என டர்ன்போ குற்றஞ்சாட்ட, இருவரும் தொழிற்போட்டியாளர்களாக மாறினர். வாக்கரின் வெற்றிக்குப் பின்னால் டர்ன்போவின் முன்முயற்சி இருந்ததை இன்றைய வரலாற்று ஆசிரியர்கள் ஏற்கின்றனர்.

வாக்கர் முறை

வாக்கர் விற்றது வெறும் பூச்சை மட்டுமன்று; ஒரு முறையை. முதலில் உச்சந்தலையை நன்கு கழுவுதல், அடுத்துப் பூச்சைத் தேய்த்தல், பின்னர் வாருதல், இறுதியாகச் சூடேற்றிய இரும்புச் சீப்பால் முடியைப் படியச் செய்தல் என அது அமைந்தது. தலையை அடிக்கடி கழுவ வேண்டும் என்ற அறிவுரையே இதில் பெரிய மாற்றமாக இருந்தது.

சூடேற்றும் சீப்பைக் கண்டுபிடித்தவர் வாக்கர் என்று பல நூல்கள் எழுதியுள்ளன. அது தவறு. அத்தகைய கருவிகள் அவருக்கு முன்பே பிரான்சிலும் அமெரிக்காவிலும் விற்பனையில் இருந்தன.

நிறுவனத்தின் வளர்ச்சி

1906 முதல் கணவருடன் தென் மாநிலங்களெங்கும் பயணம் செய்து, தேவாலயங்களிலும் வீடுகளிலும் செய்முறை காட்டி விற்றார். 1908 இல் பிட்ஸ்பர்க் நகரில் தம் மகளின் பெயரால் லெலியா கல்லூரி என்ற பயிற்சி நிலையத்தைத் தொடங்கினார். 1910 இல் இண்டியானாபொலிஸ் நகரைத் தலைமையிடமாகக் கொண்டார். பல இருப்புப்பாதைகள் சந்திக்கும் அந்நகரம் அஞ்சல்வழி வணிகத்திற்கு ஏற்றதாக இருந்தது. அங்கு தொழிற்சாலை, முடியழகு நிலையம், பயிற்சிப் பள்ளி ஆகியவற்றை அமைத்தார். 1911 இல் நிறுவனம் முறைப்படி பதிவு செய்யப்பட்டது. கணவருடன் ஏற்பட்ட கருத்து வேறுபாட்டால் மணவாழ்வு முறிந்தது. கணவர் பெயரை மட்டும் விடவில்லை.

1912 இல் லெலியா, மே பிரையண்ட் என்ற சிறுமியைத் தத்தெடுத்தார். அச்சிறுமியின் நீண்டு அடர்ந்த முடி நிறுவனப் பொருட்களுக்குச் சிறந்த விளம்பரமாக அமைந்தது. 1913 இல் வாக்கர் யமேக்கா, கியூபா, எயிட்டி, கோஸ்ட்டா ரிக்கா, பனாமா ஆகிய நாடுகளுக்குச் சென்று சந்தையை விரிவுபடுத்தினார்.

வாக்கர் முகவர்களாகப் பயிற்சி பெற்ற பெண்களின் எண்ணிக்கை பல்லாயிரம் ஆகும். சலவையும் சமையலும் வயல்வேலையும் தவிர வேறு வழியற்றிருந்த பெண்களுக்கு, சொந்த வருவாயும் சொந்த வாடிக்கையாளரும் கிடைத்தனர். 1917 இல் பிலடெல்பியாவில் முகவர்களின் மாநாட்டைக் கூட்டினார். இருநூறுக்கும் மேற்பட்டோர் கலந்துகொண்ட அம்மாநாட்டில், அதிகம் விற்றவர்களுக்கு மட்டுமன்றி, தம் ஊரில் அதிகம் அறப்பணி செய்தவர்களுக்கும் பரிசுகள் வழங்கப்பட்டன.

வணிகக் கழகத்தில் எழுந்த பேச்சு

1912 இல் சிகாகோவில் தேசிய நீக்ரோ வணிகக் கழகத்தின் மாநாடு நடந்தது. கழகத்தை நிறுவிய புக்கர் டி. வாஷிங்டன் அன்று கறுப்பின மக்களின் பெருந்தலைவர். முடிப் பூச்சு விற்பதை அவர் மதிக்கத்தக்க தொழிலாகக் கருதவில்லை. வாக்கருக்குப் பேச வாய்ப்பளிக்க மறுத்தார். மாநாட்டின் இறுதி நாளில் வாக்கர் தம் இடத்திலிருந்தே எழுந்து பேசினார். பருத்தி வயலிலிருந்து சலவைத் தொட்டிக்கும், அங்கிருந்து சமையலறைக்கும், அதன்பின் சொந்த நிலத்தில் கட்டிய சொந்தத் தொழிற்சாலைக்கும் தாம் உயர்ந்த வரலாற்றை அவைக்கு எடுத்துரைத்தார். மறு ஆண்டு மாநாட்டில் அதே தலைவர் இவரைச் சிறப்புப் பேச்சாளராக வரவேற்றார்.

கொடையும் உரிமைப் போராட்டமும்

இண்டியானாபொலிசில் கறுப்பினத்தவருக்கான கிறித்தவ இளைஞர் சங்கக் கட்டடத்திற்கு 1911 இல் 1,000 டாலர் அளித்தார். டஸ்கெகி கல்வி நிலையம் உள்ளிட்ட பல பள்ளிகளுக்கு உதவினார். அடிமை ஒழிப்புப் போராளி பிரடெரிக் டக்ளசின் இல்லத்தைக் காக்கவும் பெருந்தொகை கொடுத்தார்.

1916 இல் நியூயார்க்கின் ஆர்லெம் பகுதிக்குக் குடிபெயர்ந்தார். அக்காலத்தில் வெள்ளையர் கும்பல்கள் கறுப்பினத்தவரை விசாரணையின்றிக் கொல்வது தொடர்ந்து நிகழ்ந்தது. 1917 சூலையில் இலினோய் மாநிலத்தின் கிழக்கு செயின்ட் லூயிசில் கறுப்பின மக்கள் பலர் கொல்லப்பட்டனர். அதைக் கண்டித்து அம்மாதம் 28 இல் ஏறத்தாழ 10,000 பேர் நியூயார்க்கின் ஐந்தாம் நிழற்சாலையில் ஒலியின்றி அணிவகுத்தனர். சில நாட்களில் ஆர்லெம் தலைவர்களுடன் வாக்கரும் வெள்ளை மாளிகைக்குச் சென்று, கும்பற் கொலையைக் கூட்டாட்சிக் குற்றமாக்கக் கோரும் மனுவைக் கொண்டு சேர்த்தார். குடியரசுத் தலைவர் உட்ரோ வில்சன் அவர்களைச் சந்திக்கவில்லை. அக்கோரிக்கை சட்டமாவதற்கு 2022 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

இறுதிக் காலம்

அட்சன் ஆற்றங்கரையில் இர்விங்டன் என்னும் ஊரில், 34 அறைகள் கொண்ட வில்லா லெவாரோ மாளிகையை வாக்கர் கட்டினார். இதை வடிவமைத்த வெர்ட்னர் டாண்டி, நியூயார்க் மாநிலத்தில் உரிமம் பெற்ற முதல் கறுப்பினக் கட்டடக் கலைஞர். 1918 இல் குடிபுகுந்த வாக்கரால் ஓராண்டளவே அங்கு வாழ முடிந்தது. உயர் இரத்த அழுத்தத்தாலும் சிறுநீரகக் கோளாறாலும் நலிந்து, 1919 மே 25 இல் தம் 51 ஆவது வயதில் காலமானார். நியூயார்க்கின் உட்லான் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார். இறப்பதற்குச் சில நாட்களுக்கு முன் கும்பற் கொலை எதிர்ப்பு நிதிக்கு 5,000 டாலர் அறிவித்தார். நிறுவனத்தின் வருங்கால நிகர இலாபத்தில் மூன்றில் இரு பங்கு அறப்பணிக்குச் செல்ல வேண்டும் என உயில் எழுதியிருந்தார்.

திறனாய்வு

கறுப்பினப் பெண்களை வெள்ளையர் போலத் தோன்றத் தூண்டினார் என்ற குற்றச்சாட்டு வாக்கர் மீது அவர் வாழ்ந்த காலத்திலேயே எழுந்தது. தம் நோக்கம் முடியை நேராக்குவதன்று, உச்சந்தலையை நலமாக்கி முடியை வளர்ப்பதே என்று அவர் மறுத்தார். முடியை நேராக்கும் பொருள் என்று விளம்பரம் செய்யவும் இசையவில்லை. எனினும் சூடேற்றிய சீப்பு அவருடைய முறையின் ஒரு பகுதியாகவே இருந்தது; வாடிக்கையாளர் பலர் நாடி வந்ததும் அதற்காகவே. அவர் மறைந்த பின் 1920களில் நிறுவனம் தோலை வெளுப்பாக்கும் பூச்சையும் விற்றது.

1960களில் இயல்பான சுருள்முடியைப் பெருமையுடன் வளர்க்கும் வழக்கம் பரவியபோது இவ்விவாதம் மீண்டும் எழுந்தது. கூடுதல் முடியை இணைத்துக் கொள்வதிலும் இம்மாற்றம் காணப்படுகிறது. 1950களின் தொடக்கத்தில் கிறிஸ்டினா ஜென்கின்ஸ் என்ற கறுப்பினப் பெண், பின்னிய இயல்முடியின் மீது வெளிமுடியைத் தைத்து இணைக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அவ்வாறு இணைப்போர் நீண்ட காலம் நேர்முடியையே விரும்பினர். பின்னர், தம் சொந்தச் சுருளின் அளவையும் அடர்த்தியையும் மினுமினுப்பையும் ஒத்த முடியைத் தேர்ந்தெடுக்கும் போக்கு வளர்ந்தது. இத்தொழிலுக்கு வரும் மனித முடியில் ஒரு பகுதி, பழனி, திருமலை போன்ற கோயில்களில் காணிக்கையாக இறக்கப்பட்டு ஏலத்தில் விற்கப்படுவதாகும். நேராகவோ அலையலையாகவோ உள்ள அம்முடியைச் சிறு கோல்களில் சுற்றி, நீராவியில் வைத்துச் சுருளாக்குகின்றனர்.

நினைவுகள்

1927 இல் இண்டியானாபொலிசில் நிறுவனத்தின் பெயரால் அரங்குடன் கூடிய பெருங்கட்டடம் எழுந்தது. அந்நகரத் திரையரங்கு ஒன்றில், கறுப்பினத்தவர் என்பதற்காகத் தம்மிடம் கூடுதல் நுழைவுக் கட்டணம் கேட்டதால், தம் மக்களுக்கென அரங்கு வேண்டும் என வாக்கர் எண்ணியதன் விளைவு அது. அக்கட்டடமும் வில்லா லெவாரோவும் தேசிய வரலாற்றுச் சின்னங்களாக அறிவிக்கப்பட்டுள்ளன. அமெரிக்க அஞ்சல் துறை 1998 இல் இவருக்கு அஞ்சல் தலை வெளியிட்டது. இவருடைய வாழ்வைத் தழுவிய தொலைக்காட்சித் தொடர் 2020 இல் வெளிவந்தது. மகள் லெலியா, பின்னர் அலெலியா வாக்கர் எனப் பெயர் கொண்டு, 1920களின் ஆர்லெம் மறுமலர்ச்சிக் கலைஞர்களை ஆதரித்தவராகப் புகழ் பெற்றார்.