துணி மூட்டையோடு மலையேறிய ஐயர்

ஆண்டு மலர் என்றாலே பாரதியார், விவேகானந்தர், நம்ம படிப்புக்கு ஏத்த மாதிரி விசுவேசுவரய்யா என்று வரிசையாக வந்துவிடுவார்கள். நான் எழுத எடுத்துக்கொண்டவர் கோ. நடேசய்யர். போடியில் அவரைத் தெரிந்தவர்கள் குறைவு. இலங்கையில் மலையகத் தமிழர் வரலாறு என்று ஆரம்பித்தால் அவர் பெயரைத் தொடாமல் போகவே முடியாது.

எனக்கு முதலில் சொன்னவர் எங்க தெருவில் இருக்கிற சிலோன் தாத்தா. அவருடைய அப்பா அட்டன் பக்கம் தேயிலைத் தோட்டத்து லயத்தில் இருந்தவர். ஐயர் பேசினதை நேரில் கேட்டவராம். அந்தக் கதையைத் தாத்தா சொல்லும்போது தன் கண்ணால் பார்த்த மாதிரியே சொல்லுவார்.

நடேசய்யர் 1887இல் பிறந்த தஞ்சாவூர்க்காரர். வணிகம் பற்றிப் பத்திரிகை நடத்தினார். அது சம்பந்தமாக 1915 வாக்கில் கொழும்பு போனார். போன இடத்தில் தோட்டங்களில் நம்ம ஜனங்கள் படும் பாடு காதில் விழுந்தது. நேரில் பார்க்கலாம் என்றால் முடியாது. தோட்டம் வெள்ளைக்காரத் துரையின் சொத்து. அனுமதி இல்லாமல் உள்ளே கால் வைத்தால் அத்துமீறல் என்று வழக்கு! ஆனால் லயத்துக்குத் துணி விற்கப் போகிற வியாபாரியை விடுவார்கள். ஐயர் என்ன செய்தார் தெரியுமா? துணி மூட்டையைத் தூக்கிக்கொண்டு புடவை வியாபாரியாக உள்ளே போய்விட்டார்.

அவர் பார்த்தது கடன். மதுரை, திருச்சி, சேலம் பக்கத்துக் கிராமங்களில் கங்காணி முன்பணம் கொடுத்து ஆள் சேர்ப்பான். வழிச்செலவு, சாப்பாடு எல்லாம் தொழிலாளி கணக்கில் ஏறும். தோட்டம் மாறணும் என்றால் இத்தனை ரூபாய் பாக்கி, கட்டினால் விடுவிப்போம் என்று எழுதிய ஒரு சீட்டு வேணும். அதுக்குத் துண்டு என்று பேர். ஆளையே கைமாற்றுகிற சீட்டு அது. 1921இல் துண்டு முறை ஒழிந்தது. ஆனால் கங்காணியின் பிடி லேசில் விடவில்லை. வேலையை விட்டு நிறுத்தினால் கொடுக்கிற சீட்டு இல்லாமல் அடுத்த தோட்டத்தில் பேர் போட மாட்டார்கள்.

இதைப் படித்தபோது எனக்கு எங்க அம்மா ஞாபகம்தான். விடியுமுன்னே ஜீப் ஏறி, 17 கொண்டை ஊசி வளைவு தாண்டி, போடிமெட்டு வழியாகக் கேரளத்து ஏலக்காட்டுக்குப் போகிறவர். ஒரு மழை நாளில் வழுக்கி விழுந்து கை முறிந்தது. வைத்தியச் செலவு கேட்கப் போனால் ஏட்டில் பேரே இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அத்தனை வருஷம் வேலை செய்ததுக்கு எங்களிடம் ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. நான் படிச்ச பிள்ளை என்று கூடப் போயிருந்தேன். எனக்கும் என்ன பேசுவது என்று தெரியவில்லை.

ஐயருக்குத் தெரிந்திருந்தது. தேசநேசன், தேசபக்தன் என்று பத்திரிகை நடத்தினார். தொழிலாளர் சட்டங்களை எளிய தமிழில் சின்னச் சின்னப் புத்தகமாகப் போட்டார். படிக்கத் தெரியாத ஜனத்துக்கு அவர் மனைவி மீனாட்சி அம்மாள் இருந்தார். தெரிந்த மெட்டுகளில் தானே பாட்டுக் கட்டி, கூட்டம் கூட்டமாகப் போய்ப் பாடினார். (ஐயரைப் பற்றி எழுதுகிறவர்கள் அம்மாளை ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். நானும் அதையேதான் செய்கிறேன், இடம் இல்லை.)

கொழும்பில் ஏ. ஈ. குணசிங்காவின் தொழிற்சங்கத்தில் முதலில் சேர்ந்து வேலை செய்தார். குணசிங்கா இந்தியத் தொழிலாளர்களுக்கு எதிராகத் திரும்பியதும் பிரிந்தார். 1931இல் அட்டனில் தோட்டத் தொழிலாளர்களுக்கென்றே சம்மேளனம் தொடங்கினார். 1936இல் அட்டன் தொகுதியில் ஜெயித்து அரசாங்க சபைக்குப் போனார். கங்காணியிடம் ஏமாறுகிற தொழிலாளியை வைத்துத் தொழிலாளர் அந்தரப் பிழைப்பு என்று நாடகமும் எழுதினார். எல்லாவற்றையும் தானே சுமந்ததால்தான் அவருடைய சங்கம் பிறகு தளர்ந்தது என்பது என் எண்ணம். 1939இல் நேரு வந்துபோனபோது உருவான இலங்கை இந்தியக் காங்கிரஸ் வளர்ந்தது. 1947 தேர்தலில் ஐயர் தோற்றார். அதே ஆண்டு நவம்பரில் காலமானார்.

அவர் பார்க்காமல் போனது அடுத்த வருஷம் வந்தது. 1948இல் இலங்கைக் குடியுரிமைச் சட்டம். தகப்பனோ, பாட்டனும் பூட்டனுமோ இலங்கையில் பிறந்தார்கள் என்று காட்டணும். லயத்தில் பிறந்தவன் எந்தக் காகிதத்தைக் காட்டுவான்? சுமார் 7 லட்சம் பேர் நாடற்றவர் ஆனார்கள். அதே 1948 டிசம்பர் 10இல்தான் ஐ.நா. சபை, ஒவ்வொரு மனிதனுக்கும் ஒரு நாட்டின் குடியுரிமை உண்டு என்று மனித உரிமைப் பிரகடனத்தில் சேர்த்தது! 1964இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டார்கள். 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் பிறகு பார்க்கலாம் என்று. எந்தப் பக்கம் என்று ஜனங்களைக் கேட்டுப் போட்ட கணக்கு இல்லை அது. மிச்சமிருந்த நாடற்றவர்களுக்கு இலங்கை குடியுரிமை தர 2003இல் ஒரு சட்டம் வர வேண்டியிருந்தது.

தாத்தா அந்த 5,25,000 பேரில் ஒருவர். அங்கே இருந்தவரைக்கும் இந்தியாக்காரன், இங்கே வந்த பிறகு சிலோன்காரன். கங்காணிகள் கூட்டிப்போன ஆட்களை முன்னே அடைத்துவைத்த மண்டபம் முகாமில்தான் அவரும் வந்து இறங்கினார். பிற்பாடு போருக்குத் தப்பி வந்த அகதிகளும் அங்கேதான். அகதிகளுக்கான 1951 ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா சேரவில்லை.

ஐயர் கதை கேட்ட பிறகு நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கினேன். தேதி, தோட்டம், சம்பளம், ஜீப் நம்பர். ராத்திரி அம்மா சொல்லச் சொல்ல எழுதுகிறேன். இதெல்லாம் எதுக்குடா என்று முதலில் திட்டினார். போன வாரம் பக்கத்து வீட்டு அத்தையையும் கூட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார், அவருக்கும் ஒரு நோட்டுப் போடச் சொல்லி.