ஹார்டியும் டார்செட் மண்ணும்

ஆங்கில இலக்கியம் பயில்வோருள் தாமஸ் ஹார்டி என்னும் பெயரை அறியாதார் இலர். டெஸ் என்னும் ஏழைப் பெண்ணின் கதையையும், ஜூட் என்னும் கல்தச்சனின் கதையையும் மொழிபெயர்ப்பின் வழியாகவேனும் நம் மாணவர் சிலர் படித்திருப்பர். ஆயின் அக்கதைகளுக்குப் பின்னால் நிற்கும் ஒரு நிலப்பகுதியை நாம் பெரிதும் எண்ணிப் பார்ப்பதில்லை. இங்கிலாந்தின் தென்கரையில் உள்ள டார்செட் என்னும் கவுண்டியே அந்நிலப்பகுதி. தம் ஊரைச் சுற்றியுள்ள சில மைல் தொலைவு நிலத்தையே வாழ்நாள் முழுதும் எழுதி, உலகோர் நெஞ்சில் அதற்கு ஓரிடம் தேடித் தந்த அப்பெருமகனின் வாழ்வை இம்மலரின் வாயிலாக நம் மாணவர்க்கு எடுத்துரைக்க விழைகின்றோம்.

நிலமும் அதன் தொன்மையும்

டார்செட், தெற்கே ஆங்கிலக் கால்வாயை எல்லையாகக் கொண்டது. அதன் கடற்கரைப் பாறைகள் ஏறத்தாழ 18 கோடியே 50 லட்சம் ஆண்டுகாலப் புவி வரலாற்றைத் தம்முள் அடக்கியவை. அண்டையிலுள்ள கிழக்கு டெவன் கரையோடு சேர்த்து அக்கடற்கரையை 2001ஆம் ஆண்டில் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. லண்டன் மாநகரின் செயின்ட் பால் பேராலயத்தை எழுப்பிய வெண்கல், இக்கவுண்டியின் போர்ட்லாந்து தீவில் வெட்டி எடுக்கப்பட்டதேயாகும்.

உள்நாட்டில் சுண்ணக்குன்றுகளும், பால்பண்ணைகள் நிறைந்த பள்ளத்தாக்குகளும், புதர் மண்டிய தரிசுவெளிகளும் அடுத்தடுத்து அமைந்துள்ளன. தலைநகரான டார்செஸ்டர், உரோமர் ஆட்சியில் துர்னோவாரியா என்ற பெயரோடு விளங்கிய தொல்லூர். அதன் அருகே மெய்டன் காசில் என்னும் இரும்புக்கால மண்கோட்டை இன்றும் அடுக்கடுக்கான கரைகளோடு நிற்கிறது. 1934 முதல் 1937 வரை அக்கோட்டையை அகழ்ந்தாய்ந்தவர் மார்ட்டிமர் வீலர். அவரே பின்னர் 1945இல் புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டை அகழ்ந்து, தமிழகத்திற்கும் உரோமுக்கும் இருந்த வாணிகத் தொடர்பை உலகறியச் செய்தவர். டார்செட் மண்ணைத் தோண்டிய கைகளே நம் கடற்கரை மண்ணையும் தோண்டின என்பது நமக்கு மகிழ்வூட்டும் செய்தியாகும்.

பிறப்பும் இளமையும்

டார்செஸ்டரிலிருந்து மூன்று மைல் தொலைவிலுள்ள ஹையர் பாக்ஹாம்ப்டன் என்னும் சிற்றூரில், மண்சுவரும் வைக்கோற் கூரையும் கொண்ட ஒரு வீட்டில் 1840ஆம் ஆண்டு ஜூன் 2ஆம் நாள் ஹார்டி பிறந்தார். பிறந்தபொழுது குழந்தை உயிரற்றதென்றே கருதி மருத்துவர் ஒதுக்கி வைத்தார். உடனிருந்த செவிலியே உயிர் இருப்பதைக் கண்டு காப்பாற்றினார். தந்தையார் கொத்து வேலையும் கட்டட வேலையும் செய்தவர். தாயார் ஜெமைமா மணத்திற்கு முன் பிறர் வீட்டில் பணிசெய்து பிழைத்தவர். எனினும் நூல் வாசிப்பில் தீராத வேட்கை உடையவர். மகனுக்கு எழுத்தார்வத்தை ஊட்டியவர் அவரே.

பாட்டனாரும் தந்தையாரும் ஸ்டின்ஸ்ஃபோர்டு ஊர்த் தேவாலயத்தில் நரம்பிசைக் கருவிகள் வாசித்த குழுவில் இடம் பெற்றவர்கள். ஹார்டியின் குழந்தைப் பருவத்திற்குள் அக்குழு கலைந்துபோயிற்று. ஆயினும் சிறுவன் தந்தையிடம் பிடில் கற்றுக் கிராமத்துத் திருமணங்களிலும் நடனங்களிலும் வாசித்து வந்தான். வீட்டிலிருந்த பாட்டியார், நெப்போலியன் படையெடுத்து வருவான் என்று தென்கரை மக்கள் அஞ்சி நடுங்கிய நாள்களைக் கதைகதையாகச் சொல்வார். அப்பாட்டியார் மறைந்த 1857இல் ஹார்டிக்கு வயது பதினாறு. கேட்ட கதைகளோ அவர் நெஞ்சைவிட்டு அகலவில்லை; பின்னாளில் நாவலாகவும் நாடகக் காப்பியமாகவும் வடிவெடுத்தன.

நாள்தோறும் டார்செஸ்டர் பள்ளிக்கு நடந்தே சென்று திரும்பிய அச்சிறுவன் இருவேறு உலகங்களைக் கண்டான். நகரத்திற்கு 1847இல் இருப்புப்பாதை வந்துவிட்டது. மூன்று மைல் தள்ளியிருந்த அவனது ஊரிலோ பழங்காலம் அசையாமல் நின்றிருந்தது. அவ்விரண்டிற்கும் இடைப்பட்ட பாதையே அவரது இலக்கியத்தின் பாதை எனலாம்.

இடித்த கையும் எழுதிய கையும்

பதினாறாம் வயதில் ஹார்டி, டார்செஸ்டரில் ஜான் ஹிக்ஸ் என்னும் கட்டடக் கலைஞரிடம் தொழில் பயிலச் சேர்ந்தார். பல்கலைக்கழகம் புகும் பொருள்வசதி குடும்பத்திற்கு இல்லை. விடியற்காலையில் எழுந்து இலத்தீனும் கிரேக்கமும் தாமே கற்றார். அலுவலகத்தை அடுத்துப் பள்ளி நடத்திய வில்லியம் பார்ன்ஸ், டார்செட் வட்டார வழக்கிலேயே கவிதை புனைந்தவர். ஊரார் பேசும் மொழி இழிவானதன்று என்பதை ஹார்டி அப்பெரியவரிடமே உணர்ந்தார்.

1862இல் லண்டன் சென்று ஆர்தர் புளோம்ஃபீல்டு என்னும் கட்டடக் கலைஞரிடம் பணியாற்றினார். புதிய இருப்புப்பாதைக்காகச் செயின்ட் பாங்கிராஸ் பழைய இடுகாட்டைத் தோண்டி எலும்புகளை அகற்றும் பணியை இரவு நேரத்தில் மேற்பார்வையிடும் பொறுப்பு அவருக்கு வந்தது. அங்கே கல்லறைக் கற்கள் சூழ நின்று, ஹார்டி மரம் என்று அவர் பெயரால் வழங்கி வந்த ஆஷ் மரம் 2022 டிசம்பரில் சாய்ந்து வீழ்ந்தது.

ஈண்டு ஒன்றை நாம் ஊன்றி நோக்க வேண்டும். அக்காலத்தில் இங்கிலாந்தெங்கும் பழைய தேவாலயங்களைப் புதுப்பிக்கும் வேகம் பரவியிருந்தது. புதுப்பித்தல் என்னும் பெயரால் இடைக்காலச் சுவர்களும் இருக்கைகளும் மாடங்களும் தகர்க்கப்பட்டன. இளைஞரான ஹார்டியும் அப்பணியில் பங்கு கொண்டார். தாம் நேசித்த பழமையைத் தம் தொழிலே அழிக்கிறது என்பதைக் காலங்கடந்தே உணர்ந்தார். 1881இல் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தில் உறுப்பினரானார். 1906இல் அச்சங்கத்திற்கு எழுதிய கட்டுரையில், தாம் செய்தவற்றுக்காக வெளிப்படையாகவே வருந்தினார். தம் பிழையைப் பிறர் கண்டுகொள்ளுமுன் தாமே ஏட்டில் எழுதி வைத்த நேர்மை எல்லார்க்கும் வாய்ப்பதன்று. கட்டடக்கலையை விட்டு நீங்கிய அவர், அழிவனவற்றை எழுத்திலேனும் காத்துவைக்க முனைந்தார் என்றே அவர் வாழ்வை நாம் பொருள் கொள்கின்றோம்.

வெசெக்ஸ் பிறந்த கதை

1874இல் வெளிவந்த ‘ஃபார் ஃப்ரம் தி மேடிங் கிரவுட்’ நாவலில் வெசெக்ஸ் என்னும் பெயரை ஹார்டி முதன்முதலாக ஆண்டார். அது ஆல்பிரட் மன்னர் ஆண்ட பழைய சாக்சன் அரசின் பெயர். நூற்றாண்டுகளாக வழக்கொழிந்து கிடந்தது. டார்செட்டை நடுவாகக் கொண்ட தம் கதை நிலத்திற்கு அப்பெயரைச் சூட்டினார். டார்செஸ்டர் காஸ்டர்பிரிட்ஜ் ஆயிற்று. பிறந்த ஊர் மெல்ஸ்டாக்கின் ஒரு பகுதியாயிற்று. 1878இல் வெளியான ‘தி ரிட்டர்ன் ஆஃப் தி நேட்டிவ்’ நாவலுக்குத் தாமே நிலப்படம் வரைந்து சேர்த்தார். ஏட்டில் பிறந்த அப்பெயர் நாட்டுக்குத் திரும்பி, இன்று தென்மேற்கு இங்கிலாந்தின் நிறுவனங்கள் பலவற்றுக்கும் பெயராக வழங்குகிறது.

முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என்னும் பாகுபாட்டைப் பயின்ற நம் மாணவர்க்கு ஹார்டியின் நாவல்கள் எளிதில் விளங்கும். மேற்கூறிய நாவலில் வரும் எக்டன் தரிசுவெளி வெறும் பின்புலமன்று. அங்கு விறகுக்காகப் புதர் வெட்டுவோரின் வாழ்வும், அவ்வெளியை வெறுத்துத் தப்பியோட எண்ணும் பெண்ணின் துயரமும் அந்நிலத்தினின்றே முளைக்கின்றன. டெஸ்ஸின் கதையிலும் அவ்வாறே. அவள் மகிழ்ந்திருக்கும் கோடையில் பால்வளம் மிக்க பள்ளத்தாக்கு. அவள் கைவிடப்பட்ட குளிர்காலத்தில் கல்லும் சேறும் நிறைந்த மேட்டுநிலம். நிலமும் பொழுதும் ஒழுக்கமும் அங்கு ஒன்றையொன்று தழுவி நிற்கின்றன.

உழவர் பக்கம் நின்றவர்

டார்செட்டின் அழகை மட்டும் எழுதியிருந்தால் ஹார்டி சுற்றுலா எழுத்தாளராகவே நின்றிருப்பார். அக்கவுண்டியின் வறுமையையும் அவர் அறிவார். அவர் பிறப்பதற்கு ஏழாண்டு முன்னர், 1833இல், டால்படில் என்னும் ஊரின் உழவுத் தொழிலாளர் அறுவர் சங்கம் அமைத்தனர். இரகசிய உறுதிமொழி எடுத்தார்கள் என்று குற்றம் சுமத்தி, டார்செஸ்டர் நீதிமன்றம் அவர்களை ஏழாண்டுத் தண்டனையோடு ஆஸ்திரேலியாவுக்கு நாடுகடத்திற்று. மக்கள் கிளர்ச்சியால் 1836இல் அவர்கள் மன்னிக்கப்பட்டனர்.

1883இல் ‘தி டார்செட்ஷயர் லேபரர்’ என்னும் கட்டுரையை ஹார்டி எழுதினார். நகரத்தார் உழவர் அனைவரையும் ஹாட்ஜ் என்ற ஒரே ஏளனப் பெயரால் அழைத்து வந்த காலம் அது. அவர்களோடு சில திங்கள் தங்கியிருந்து பார்த்தால் அப்படியொரு மனிதன் இல்லை என்பது தெளிவாகும். ஒவ்வொருவரும் தனித்தனி அறிவும் குணமும் ஆசையும் உடைய மக்களே என்று அவர் நிறுவினார்.

மற்றொரு கொடுமையையும் அவர் எடுத்துக் காட்டினார். கிராமத்துக் கைவினைஞர் பலர் ஆயுட்குத்தகை முறையில் வீடுகளில் குடியிருந்தனர். பத்திரத்தில் குறித்த மூவரின் ஆயுள் வரைக்குமே அவ்வீடு அவர்களுக்கு உரியது. மூன்றாமவர் கண்மூடினால் வீடு நிலக்கிழாரைச் சேரும். டெஸ்ஸின் தந்தை இறந்தவுடன் தாயும் பிள்ளைகளும் தட்டுமுட்டுப் பொருள்களோடு தெருவில் நிற்பது இம்முறையின் விளைவே. உழவுக் கூலிகளோ ஆண்டுதோறும் ஏப்ரல் 6ஆம் நாள் வண்டியேறிப் பண்ணை மாறினர். இவ்வாறு குடிகள் இடம்பெயர்ந்தபோது இடப்பெயர்களும் பாட்டும் கதையும் ஒருங்கே மறைந்தன. தந்தை வாழ்ந்த ஊரில் மகன் வாழாதபோது அவ்வூரின் வரலாற்றைச் சொல்லுவார் யார் என்பதே அவரை வாட்டிய கவலை.

மனையும் மனமும்

1870இல் கார்ன்வாலில் உள்ள செயின்ட் ஜூலியட் தேவாலயப் புதுப்பிப்புப் பணிக்காகச் சென்ற இடத்தில் எம்மா கிஃபர்டைச் சந்தித்து, 1874இல் மணந்தார். 1885இல் டார்செஸ்டரின் புறத்தே தாமே வரைந்து, தந்தையும் தம்பியும் கட்டிய மேக்ஸ் கேட் இல்லத்தில் குடிபுகுந்தார். கடைக்கால் தோண்டுகையில் உரோமர் காலப் புதைகுழிகள் வெளிப்பட்டன.

புகழ் வளர இல்வாழ்வு குன்றிற்று. ஒரே கூரையின்கீழ் இருவரும் அயலார் போல் வாழ்ந்தனர். 1895இல் வெளிவந்த ‘ஜூட் தி அப்ஸ்க்யூர்’ பெரும் எதிர்ப்பைக் கிளப்பிற்று. பேராயர் ஒருவர் அந்நூலைத் தீயிலிட்டதாகவே அறிவித்தார். ஹார்டி நாவல் எழுதுவதை அத்துடன் விடுத்துக் கவிதைக்குத் திரும்பினார். 1912 நவம்பரில் எம்மா திடீரென இறந்தார். அவர் உயிரோடிருந்தபோது சொல்லாத அன்பையெல்லாம் அவர் இறந்தபின் ஹார்டி கவிதைகளாக வடித்தார். அவை ஆங்கில இரங்கற்பாக்களுள் தலைசிறந்தவை எனப் போற்றப்படுகின்றன. ஆயினும் அவற்றைக் கேட்க வேண்டியவர் கேட்கவில்லை என்னும் துயரம் அக்கவிதைகளைப் படிக்கும் நம்மையும் தொடுகின்றது. 1914இல் ஃபிளாரன்ஸ் டக்டேலை இரண்டாவதாக மணந்தார்.

பல்கலைக்கழகக் கதவு திறவாத கல்தச்சன் ஒருவனின் கதையே ஜூட். அதை எழுதிய கொத்தனார் மகனைக் கேம்பிரிட்ஜ் 1913இலும் ஆக்ஸ்ஃபோர்டு 1920இலும் அழைத்து மதிப்புறு முனைவர் பட்டம் அளித்தன. முதல் தலைமுறையாகக் கல்லூரி வாயிலை மிதிக்கும் நம் மாணவர் இதனை நெஞ்சில் பதிக்க வேண்டும்.

இருவேறு கல்லறைகள்

1928 ஜனவரி 11ஆம் நாள், 87ஆம் அகவையில் ஹார்டி மறைந்தார். ஸ்டின்ஸ்ஃபோர்டு ஊர் இடுகாட்டில் தம் பெற்றோர் அருகே அடக்கம் பெறுவதே அவரது விருப்பம். நாட்டின் பெரியோரோ அவர் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்துக் கவிஞர் மூலைக்கே உரியவர் என்றனர். முடிவில் உடல் எரியூட்டப்பட்டுச் சாம்பல் லண்டனுக்கும், முன்னரே எடுத்துவைத்த இதயம் ஸ்டின்ஸ்ஃபோர்டுக்கும் பிரித்தளிக்கப்பட்டன. ஜனவரி 16ஆம் நாள் பேராலயத்தில் தலைமை அமைச்சரும் கிப்ளிங், பெர்னார்ட் ஷா போன்றோரும் பேழையைத் தாங்கிச் சென்ற அதே வேளையில், எம்மாவின் கல்லறையில் இதயம் அடக்கம் செய்யப்பட்டது. இம்முடிவை அன்றே பலர் வெறுத்தனர். எனினும் புகழ் தலைநகருக்கும் உள்ளம் பிறந்த மண்ணுக்குமாக அவர் வாழ்ந்த வாழ்வை நோக்க, அம்முடிவு பொருந்தாதது என்றும் நம்மால் கூறவியலவில்லை.

அவர் பிறந்த வீடும் மேக்ஸ் கேட்டும் இன்று நேஷனல் டிரஸ்ட் என்னும் மரபுக் காப்பு அமைப்பின் பொறுப்பில் உள்ளன. அவர் எழுதிய அறை டார்செட் அருங்காட்சியகத்தில் மீளமைக்கப்பட்டுள்ளது. பழைய தரிசுவெளியின் பெரும்பகுதி வயலாகவும் பைன் தோப்பாகவும் ஊராகவும் மாறிவிட்டது. எஞ்சியவற்றைப் பேணும் முயற்சியில் 2020ஆம் ஆண்டு பர்பெக் பகுதித் தரிசுவெளிகளை ஒன்றிணைத்துப் பெரியதோர் இயற்கைக் காப்பகம் அமைத்தனர்.

நிறைவாக ஒன்று. ஹார்டியின் முதல் நூலகம் அவருடைய பாட்டியாரின் வாய்மொழி. புகழ்பெற்ற பின்னரும் அவர் லண்டன் செல்சீயில் இருந்த முதிய படைவீரர்களைத் தேடிச் சென்று வாட்டர்லூ போரின் நினைவுகளைக் கேட்டறிந்தார். ஒரு கவுண்டியின் வரலாறு காக்கப்பட்டது இவ்வாறு கேட்டமையால்தான். இம்மலரை ஏந்தும் மாணவர் பலர் வீட்டிலும் பாட்டனாரும் பாட்டியாரும் உளர். அவர்கள் பிறந்த தெருவின் பழைய பெயரையும், தூர்ந்துபோன குளத்தையும், செய்துவந்த தொழிலையும் இவ்விடுமுறையிலேயே கேட்டு ஓர் ஏட்டில் எழுதி வைப்பாராக. எம்மாவுக்காக ஹார்டி வருந்தியதுபோல் காலங்கடந்து வருந்தும் நிலை நமக்கு வாராதிருக்கட்டும்.